முதலில் இணைப்பு, பிறகு கணினி



நம் லயத்துப் பிள்ளைகள் பலர் இன்று கொழும்பில், கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை பக்கங்களில் கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலை செய்கிறார்கள். சிலர் படிக்கவும் போயிருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதி, பொன்ஜீன் வீதி என்று பக்கத்து ஒழுங்கைகளில் ரூம் எடுத்து, மூன்று நான்கு பேராகச் சேர்ந்து தங்குகிறார்கள். வேலை விட்டு வந்தால் போனிலோ கணினியிலோ விளையாடுவது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. அந்த விளையாட்டை ஊர் உலகம் பார்க்கும்படி யூடியூப்பில் நேரலையாக விட வேண்டும் என்பது இப்போது பல பிள்ளைகளின் ஆசை.

ஆசை வந்ததும் வீட்டுக்கு ஒரு லிஸ்ட் வரும். "அம்மா, இந்தக் கணினி வேணும், இந்த கார்ட் வேணும், காசு கொஞ்சம் அனுப்புங்க." வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த லிஸ்டில் ஒரு சொல்லும் விளங்காது. பிள்ளை கேட்கிறதே என்று காதில் கழுத்தில் கிடப்பதை அடகு வைக்கப் போவார்கள்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். விளையாட்டுக்கென்று கட்டிய கணினிக்கு 2 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் அறிவித்த 1350 ரூபாய் நாட்சம்பளக் கணக்கில், அது 148 நாள் பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று போட்ட 148 பேர். அந்தக் காசு வீணாகப் போகக்கூடாது. அதற்காகத்தான் இந்த இதழில் இந்தப் பாடத்தை எழுதுகிறோம். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து வாசியுங்கள்.

பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நேரலைக்கு முதலில் பார்க்க வேண்டியது இணைப்பு. கணினி அதற்குப் பிறகுதான். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

1. நேரலை என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

நாம் யூடியூப்பில் படம் பார்க்கும்போது படம் நம் பக்கம் வருகிறது. நேரலை விடும்போது படம் நம்மிடமிருந்து வெளியே போகிறது. வருவதை டவுன்லோட் என்றும் போவதை அப்லோட் என்றும் சொல்வார்கள். இந்த இரண்டும் ஒரே வேகம் இல்லை. பல இணைப்புகளில் வரும் பாதை அகலமாகவும் போகும் பாதை ஒடுக்கமாகவும் இருக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் டவுன்லோட் வேகத்தை. நேரலைக்கு நமக்கு வேண்டியது அப்லோட்.

இதைக் கொழுந்து லொறியை வைத்து விளங்கிக்கொள்ளலாம். மலையில் ஆயிரம் கிலோ கொழுந்து பறித்தாச்சு. ஸ்டோருக்குப் போகும் ரோட்டில் ஒரு சின்ன லொறிதான் போக முடியும் என்றால், இன்னும் பத்துப் பேரை மலைக்கு அனுப்பி என்ன பிரயோசனம்? மடுவத்தில் கொழுந்து குவிந்து வாடும். விலை கூடிய கணினியும் அப்படித்தான். அது அழகான படத்தைச் செய்து கொடுக்கும். அப்லோட் பாதை ஒடுக்கமாக இருந்தால் அந்தப் படம் வாசலிலேயே நின்றுவிடும். பார்ப்பவர்களுக்கு விக்கி விக்கித்தான் போய்ச் சேரும்.

கணினி செய்யும் வேலை என்ன? திரையில் ஓடும் படத்தை அப்படியே அனுப்ப முடியாது. 720பி என்று சொல்லும் அளவில் ஒரு படத்தில் 1280க்கு 720 புள்ளிகள், அதாவது 921,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட், விநாடிக்கு 30 படம். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 663 மெகாபிட்டுக்கு மேல் வரும். அதைக் கணினி சுருக்கிச் சுருக்கி விநாடிக்கு 4 மெகாபிட் அளவுக்குக் கொண்டுவருகிறது. ஏறக்குறைய 166இல் ஒரு பங்கு. நூறு கிலோ பச்சைக் கொழுந்து ஸ்டோருக்குள் போனால் இருபத்தொன்று, இருபத்திரண்டு கிலோ தூள்தானே வெளியே வருகிறது. அதைவிட எத்தனையோ மடங்கு சுருக்கம் இது. இந்த வேலைக்கு என்கோட் என்று பெயர். நேரலைக் கணினியின் முக்கியமான வேலை இதுதான்.

2. எவ்வளவு அப்லோட் வேண்டும்?

ஒரு விநாடிக்கு எத்தனை பிட் அனுப்புகிறோம் என்பதுதான் பிட்ரேட். யூடியூப் நிறுவனம் சாதாரணமாகப் பயன்படும் எச்264 முறைக்குப் பரிந்துரைக்கும் அளவுகள் இவை:

720பி, விநாடிக்கு 30 படம்: 4 மெகாபிட்
720பி, விநாடிக்கு 60 படம்: 6 மெகாபிட்
1080பி, விநாடிக்கு 30 படம்: 10 மெகாபிட்
1080பி, விநாடிக்கு 60 படம்: 12 மெகாபிட்

2011இல் தொடங்கிய டுவிட்ச் என்ற நேரலைத் தளம் இதைவிடக் குறைவாகக் கேட்கிறது. 720பி, 30 படத்துக்கு 3 மெகாபிட், 1080பி, 60 படத்துக்கு 6 மெகாபிட் போதும் என்பது அவர்களின் வழிகாட்டல்.

இருக்கிற அப்லோட் முழுவதையும் நேரலைக்கே கொடுத்துவிடக் கூடாது. விளையாட்டுக்கும் கொஞ்சம் போக வேண்டும். ரூமில் இருக்கும் மற்றப் பிள்ளைகளின் போனுக்கும் போக வேண்டும். ஆகவே பத்துக்கு ஏழு என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். அளந்து வந்த அப்லோட் 10 என்றால் 7க்கு மேல் போகாதீர்கள். திருப்பிச் சொன்னால், 4 மெகாபிட்டில் நேரலை விட 6 மெகாபிட் அப்லோட் வேண்டும். 12 மெகாபிட்டில் விட 17 வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். இணைப்பின் வேகத்தை மெகாபிட்டிலும், டேட்டாவின் அளவை மெகாபைட், ஜிகாபைட்டிலும் சொல்வார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஏமாறுகிறவர்கள் அதிகம்.

3. எந்த இணைப்பு?

கொட்டாஞ்சேனை மாதிரி நெருக்கமான இடத்தில் மூன்று விதமான இணைப்புகளைக் காணலாம்.

பழைய செப்புக் கம்பி. இது ஏடிஎஸ்எல் முறை. போன் கம்பியிலேயே இணையம் வரும். இதன் அப்லோட் பெரும்பாலும் 1 மெகாபிட்டை ஒட்டித்தான் இருக்கும். படம் பார்க்க ஆகும். 720பி நேரலைக்கு ஆகாது.

ஃபைபர் கம்பி. கண்ணாடி நூலில் ஒளியாக வருவது. நேரலைக்கு இதுதான் நல்லது. அப்லோட் கூட, ஏற்ற இறக்கம் குறைவு. ஆனால் ஒரு ஒழுங்கைக்கு வந்திருக்கும், அடுத்த ஒழுங்கைக்கு இன்னும் வராமல் இருக்கலாம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். ரூமுக்கு முற்பணம் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டு வையுங்கள்.

4ஜி ரவுட்டர். கம்பி வேண்டாம், ரூம் மாறினால் தூக்கிக்கொண்டு போகலாம். டவரை எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வேகம் மாறும். பகல் 11 மணிக்குப் பறக்கும். இரவு 8 மணிக்கு எல்லாரும் வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடும். பிள்ளைகள் நேரலை விட நினைப்பதும் அந்த நேரத்தில்தான்.

தோட்டத்து வீட்டிலிருந்து விட நினைப்பவர்களுக்கு மலைதான் சிக்கல். டவருக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மலைமுடி நின்றால் சிக்னல் விழாது. ரவுட்டரை டவர் பக்கத்து ஜன்னலில், உயரமாக வையுங்கள். இடத்துக்கு இடம் மாற்றி வைத்து அளந்து பாருங்கள். ரவுட்டரில் வெளி அன்டனா பூட்ட இடம் இருந்தால் அது பெரிய உதவி. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையமும் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. டவர் எட்டாத இடத்துக்கு அது ஒரு வழி. ஆனால் தட்டுக்கு ஒரு விலை, மாதக் கட்டணம் வேறு. இரண்டையும் கூட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எந்த இணைப்பானாலும் அளந்து பாருங்கள். வேகம் அளக்கும் தளங்கள் இலவசமாக இருக்கின்றன. நேரலை விட நினைக்கும் அதே நேரத்தில், ஒரு வாரத்துக்குத் தினமும் மூன்று தரம் அளந்து கொப்பியில் எழுதுங்கள். சராசரியைப் பார்க்க வேண்டாம். வந்ததில் ஆகக் குறைந்த அப்லோட் எது? அதுதான் உங்கள் கணக்கு. ஏழு நாளில் ஆறு நாள் 10 வந்து ஒரு நாள் 3 வந்தால், அந்த ஒரு நாள் நேரலை அறுந்து போகும்.

4. டேட்டா எவ்வளவு தின்னும்?

கணக்கு லேசு. 4 மெகாபிட்டை 3600 விநாடியால் பெருக்கி 8ஆல் வகுத்தால் 1800 மெகாபைட். அதாவது ஒரு மணித்தியாலத்துக்கு 1.8 ஜிகாபைட். 6 மெகாபிட் என்றால் 2.7. 12 மெகாபிட் என்றால் 5.4.

தினமும் 2 மணித்தியாலம், 720பி, 30 படத்தில் விட்டால் 30 நாளைக்கு 108 ஜிகாபைட். இது மேலே போவது மட்டும். விளையாட்டுக்கு அப்டேட் இறக்குவது, படம் பார்ப்பது எல்லாம் வேறு. பெரிய விளையாட்டு ஒன்றை முதல்தரம் இறக்கவே பத்துக்கணக்கான ஜிகாபைட் போய்விடும்.

பெக்கேஜ் எடுக்கும் முன் இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். அப்லோட் வேகம் எவ்வளவு? அப்லோடும் டேட்டாக் கணக்கில் சேருமா? "அன்லிமிடெட்" என்று சொன்னால் எத்தனை ஜிகாபைட்டுக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பீர்கள்? இரவு டேட்டா எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? இடையில் நிறுத்தினால் ஏதாவது கட்ட வேண்டுமா? பதிலை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

5. பிங் என்றால் என்ன?

விளையாடும் பிள்ளைகள் "பிங் அடிக்குது" என்று சொல்வார்கள். நாம் பட்டனை அமுக்கிய செய்தி விளையாட்டின் சேர்வருக்குப் போய் பதில் திரும்பி வர எடுக்கும் நேரம் அது. வெலரன்ட் போன்ற விளையாட்டுகளுக்கு நமக்குக் கிட்டிய சேர்வர்கள் மும்பாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2700 கிலோமீட்டர். கண்ணாடி நூலில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆகவே போய்வர ஆகக் குறைந்தது 27 மில்லிவிநாடி எடுக்கும். உண்மையில் கம்பி நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் பல சந்திகள் உண்டு. அதனால் இன்னும் கூடும். எவ்வளவு விலை கொடுத்துக் கணினி வாங்கினாலும் இந்தத் தூரம் குறையாது. "இந்தக் கணினி எடுத்தா பிங் குறையும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கையில் உள்ளது வேறு ஒன்று. வைஃபையை விட்டுக் கம்பியில் இணைப்பது. கொட்டாஞ்சேனையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரவுட்டர். 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். பத்து ரவுட்டரும் அந்த மூன்றுக்குள்தான் அடிபட வேண்டும். 5 கிகாஹேர்ட்ஸில் இடம் கூட, ஆனால் சுவரைத் தாண்டினால் பலம் குறையும். ரவுட்டரிலிருந்து கணினிக்கு ஒரு லேன் வயர் போட்டால் இந்தச் சண்டையே இல்லை. கெட் 5ஈ வயர் 100 மீட்டர் வரை போகும், விலையும் அதிகமில்லை. லிஸ்டில் முதல் வாங்க வேண்டிய பொருள் இதுதான்.

6. இனி கணினி

இணைப்பு சரி என்று தெரிந்த பிறகுதான் கணினிப் பேச்சு. கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்குப் போய், காலி வீதியால் போகும் 100 அல்லது 101 பஸ் எடுத்தால் பம்பலப்பிட்டியில் இறங்கலாம். அங்கே யூனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரே கடையில் வாங்காமல் நான்கு கடையில் விலை எழுதி வாங்கி, ரூமுக்கு வந்து ஒப்பிட்டுப் பாருங்கள். போகும் முன் இவற்றைத் தெரிந்து வையுங்கள்.

என்கோடர். சுருக்கும் வேலையை இரண்டு இடத்தில் செய்யலாம். ஒன்று புரோசசரில். அப்படிச் செய்தால் விளையாட்டும் சுருக்கமும் ஒரே ஆளின் தலையில் விழும். மற்றது கிராபிக்ஸ் கார்டுக்குள் அதற்கென்றே இருக்கும் தனிப் பகுதியில். இதுதான் நமக்கு நல்லது, விளையாட்டின் வேகம் அவ்வளவாகக் குறையாது. என்விடியா கார்டில் இதற்கு என்வென்க் என்று பெயர். ஜிடிஎக்ஸ் 1650 சுப்பர், 1660 சுப்பர், ஆர்டிஎக்ஸ் 2060, 3050 ஆகியவற்றில் நல்ல என்கோடர் இருக்கிறது.

இங்கேதான் பலர் ஏமாறுவது. எல்லாக் கார்டிலும் என்கோடர் இல்லை. என்விடியாவின் ஜிடி 1030இல் இல்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இரண்டிலும் இல்லை. இவை மலிவாகக் கிடைக்கும், விளையாட்டும் ஓடும். நேரலைக்கு வந்தால் பாரம் முழுக்கப் புரோசசரில் விழும். அதேபோல இன்டெல் புரோசசர் பெயரின் கடைசியில் "எஃப்" என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் பகுதி இல்லை என்று அர்த்தம். 12400க்கும் 12400எஃப்க்கும் அந்த ஒரு எழுத்துதான் வித்தியாசம். எஃப் வாங்கினால் நல்ல கார்ட் ஒன்றும் கட்டாயம் வாங்க வேண்டும்.

புரோசசர். 6 கோர் உள்ளது போதும். இன்டெல் கோர் ஐ5 12400, ஏஎம்டி ரைசன் 5 5600 இவை அந்த வகை. கார்டுக்குக் காசு இல்லை என்றால் ரைசன் 5 5600ஜி பாருங்கள். அதற்குள்ளேயே கிராபிக்ஸும் என்கோடரும் இருக்கின்றன. பாரம் குறைந்த விளையாட்டுகளை 720பியில் விட அது போதும். பிறகு காசு சேர்ந்தால் கார்ட் போட்டுக்கொள்ளலாம்.

ரேம். 16 ஜிபி. ஒரே 16ஐ விட இரண்டு 8 போடுவது நல்லது, இரண்டு பாதையில் வேலை நடக்கும்.

டிஸ்க். விண்டோஸும் விளையாட்டும் எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் பதிவுகளைச் சேமித்து வைக்க உதவும்.

பவர் சப்ளை. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். கேசோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத சப்ளை, மற்றப் பொருட்களையும் சேர்த்து எரித்துவிடும்.

பாவித்த கணினி. காரியாலயங்களில் பாவித்து விற்கும் கணினிகள் மலிவு. வாங்கலாம், ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு வந்தது வேண்டும். 4ஆம், 6ஆம் தலைமுறையை மலிவு என்று எடுத்தால் பிறகு கவலை. இரண்டாவது, அந்தச் சின்னப் பெட்டிகளில் பெரிய கார்ட் நுழையாது, பவர் சப்ளையும் தாங்காது. கார்டின் உயரத்தை அளந்துகொண்டு போங்கள்.

மைக்கும் கமராவும். படம் கொஞ்சம் மங்கினாலும் ஆட்கள் பார்ப்பார்கள். சத்தம் கரகரத்தால் எழும்பிப் போய்விடுவார்கள். முதலில் ஹெட்போனோடு வரும் மைக் போதும். கமரா இல்லாமலே தொடங்கலாம், வேண்டுமென்றால் போனையே கமராவாக இணைக்கலாம். மென்பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஓபிஎஸ் ஸ்டூடியோ இலவசம், பின்சத்தத்தைக் குறைக்கும் வசதியும் அதில் இருக்கிறது.

7. எது பிழை என்று கண்டுபிடிப்பது

ஓபிஎஸ்ஸில் புள்ளிவிவரம் காட்டும் ஒரு ஜன்னல் உண்டு. அதில் மூன்று எண்ணிக்கை வரும். காசு செலவழிக்கும் முன் அதைப் பாருங்கள்.

வலையமைப்பால் விடுபட்ட படங்கள் கூடினால் பிழை இணைப்பில். பிட்ரேட்டைக் குறைக்க வேண்டும். கணினி மாற்றிப் பயனில்லை.

என்கோடிங்கில் தவறிய படங்கள் கூடினால் பிழை சுருக்கும் வேலையில். கார்டிலுள்ள என்கோடருக்கு மாற்றிப் பாருங்கள், 60 படத்தை 30 ஆக்குங்கள்.

ரென்டரிங்கில் தவறியவை கூடினால் கிராபிக்ஸ் கார்ட் திணறுகிறது. விளையாட்டின் செட்டிங்கைக் குறையுங்கள்.

பிட்ரேட் முறையை சிபிஆர் என்றும், கீபிரேம் இடைவெளியை 2 விநாடி என்றும், ஒலியை 128 கிலோபிட் என்றும் வைத்துத் தொடங்குங்கள். முதல் சில நாள் யூடியூப்பில் "அன்லிஸ்டட்" என்று வைத்து விடுங்கள். இணைப்பு முகவரி கொடுத்த கூட்டாளிகள் மட்டும்தான் பார்ப்பார்கள். யூடியூப்பில் முதல்தரம் நேரலையை இயக்க 24 மணித்தியாலம் வரை எடுக்கும், அதையும் ஞாபகம் வையுங்கள்.

8. கரண்டும் இடியும்

விளையாடும்போது கணினி 300 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினமும் 4 மணித்தியாலத்துக்கு மாதம் 36 யூனிட். நம் நாட்டு மின்கட்டணம் 30, 60, 90 என்று படிப்படியாக ஏறும் முறை. இந்த 36 யூனிட் உங்களை மேல் படிக்குத் தள்ளிவிடும். ரூமில் ஒரே மீற்றர் என்றால் யார் எவ்வளவு கட்டுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கூட்டாளிகளுக்குள் மனஸ்தாபம் வருவது இந்த மாதிரி விஷயத்தில்தான்.

2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுக்க ஒரே நேரத்தில் கரண்ட் போனது. கணினிக்கு ஒரு யூபிஎஸ் இருந்தால் ஒழுங்காக நிறுத்த அவகாசம் கிடைக்கும். ரவுட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் தனியாக விற்கிறார்கள். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் வரும்போது ரவுட்டர், கணினி இரண்டின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

9. வருமானம் வருமா?

பெற்றோர் கேட்கும் கேள்வி இது. நேராகச் சொல்கிறோம். உடனே வராது.

யூடியூப்பில் விளம்பரப் பங்கு கிடைக்க 1000 சந்தாதாரரும், 12 மாதத்துக்குள் 4000 மணித்தியாலம் பார்க்கப்பட்ட கணக்கும் வேண்டும். அதற்குப் பிறகும் கணக்கில் 100 டொலர் சேர்ந்தால்தான் காசு கைக்கு வரும். பல பிள்ளைகள் அந்த இடத்துக்கு வர ஒரு வருஷம், இரண்டு வருஷம் எடுக்கும். வராமலே நின்றவர்களும் அநேகம். ஆகவே இதை நம்பி வேலையை விடக் கூடாது, படிப்பை நிறுத்தக் கூடாது, கடன் எடுக்கவே கூடாது.

ஆனால் இது வெறும் வீண் வேலை என்றும் நாம் சொல்ல மாட்டோம். 2023இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் கணினி விளையாட்டுகளுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அதோடு, ஓபிஎஸ்ஸும் பிட்ரேட்டும் ஒலியமைப்பும் கற்ற பிள்ளைக்குக் கோயில் திருவிழாவை, பாடசாலைப் பரிசளிப்பை, டியூஷன் வகுப்பை நேரலையாக விடத் தெரியும். அது கையில் ஒரு தொழில். வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் இங்குள்ள கல்யாணத்தைப் பார்க்க ஆசைப்படும் காலம் இது.

வயதையும் கவனியுங்கள். 2025 ஜூலை 22 முதல், 16 வயதுக்குக் குறைந்தவர்கள் தனியாக யூடியூப்பில் நேரலை விட முடியாது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் திரையில் தெரிய வேண்டும். பேச்சிலும் கவனம் வேண்டும். 2021 ஜூனில் தமிழ்நாட்டில், பப்ஜி நேரலையில் ஆபாசமாகப் பேசியதாக வந்த முறைப்பாடுகளின் பேரில் ஒரு யூடியூபரைப் பொலிசார் கைது செய்தார்கள். நேரலையில் வாய் தவறினால் திருப்பி எடுக்க முடியாது. வீட்டு முகவரி, அடையாள அட்டை, வங்கியிலிருந்து வரும் இரகசிய இலக்கம் எதுவும் திரையில் தெரியக் கூடாது.

10. இரண்டு ரூம், ஒரு ஒப்பீடு

ஒரு உதாரணம் சொல்கிறோம். முதலாவது ரூமில் 3 லட்சத்துக்குக் கணினி. இணைப்போ செப்புக் கம்பி, அப்லோட் 0.8 மெகாபிட். பத்துக்கு ஏழு விதிப்படி அவர் அனுப்பக்கூடியது 0.56 மெகாபிட். டுவிட்ச் 720பிக்குக் கேட்கும் 3 மெகாபிட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பார்ப்பவர்களுக்குத் தெரிவது கட்டம் கட்டமான படம்.

இரண்டாவது ரூமில் 8ஆம் தலைமுறைக்குப் பிறகு வந்த ஒரு பாவித்த கணினி, அதில் பாவித்த 1650 சுப்பர் கார்ட், ஒரு லேன் வயர். இணைப்பு ஃபைபர், ஆகக் குறைந்த அப்லோட் 10 மெகாபிட். அவர் 6 மெகாபிட்டில் 720பி, 60 படம் தாராளமாக விடலாம். கணினிக்குப் போட்ட காசு குறைவு, போய்ச் சேரும் படம் நல்லது.

இன்னும் ஒரு வழி உண்டு. கணினியே இல்லாமல் போனிலிருந்து தொடங்கலாம். ஃப்ரீ ஃபயர், பப்ஜி மாதிரி விளையாட்டுகளை போனிலிருந்தே நேரலை விடும் வசதி இருக்கிறது. யூடியூப்பில் அதற்கு 50 சந்தாதாரர் இருந்தால் போதும். மூன்று மாதம் போனில் விடட்டும். வாரத்துக்கு மூன்று நாள் தவறாமல், சொன்ன நேரத்துக்கு விடுகிறாரா என்று பாருங்கள். அந்த ஒழுங்கு வந்த பிள்ளைக்குக் கணினி வாங்கிக் கொடுத்தால் வீண் போகாது.

பயிற்சி: வீட்டில் செய்து பாருங்கள்

1. ஒரு வாரம் இரவு 8 மணிக்கு அளந்ததில் அப்லோட் 9, 8, 10, 5, 9, 8, 9 மெகாபிட் வந்தது. யூடியூப் அளவில் 720பி, 30 படம் விடலாமா?

2. தினமும் 3 மணித்தியாலம், 6 மெகாபிட்டில், மாதம் 20 நாள் விட்டால் எத்தனை ஜிகாபைட் போகும்?

3. நேரலை விக்குகிறது. ஓபிஎஸ்ஸில் வலையமைப்பால் விடுபட்ட படங்கள் மட்டும் கூடுகின்றன. புதுக் கார்ட் வாங்கினால் சரிவருமா?

விடைகள்: 1. ஆகக் குறைந்தது 5. அதில் பத்துக்கு ஏழு 3.5. ஆகவே 4 மெகாபிட் தாங்காது. டுவிட்ச் கேட்கும் 3 மெகாபிட்டுக்குக் குறைத்து விடலாம். 2. 2.7ஐ 3ஆலும் 20ஆலும் பெருக்கினால் 162 ஜிகாபைட். 3. சரிவராது. பிழை இணைப்பில் இருக்கிறது.

பெற்றோரே, அடுத்த முறை கொழும்பிலிருந்து லிஸ்ட் வந்தால் கோபப்பட வேண்டாம், உடனே அடகுக் கடைக்கும் போக வேண்டாம். பிள்ளையிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "தம்பி, ரூம்ல அப்லோட் எவ்வளவு வருது? ஒரு வாரம் அளந்து எழுதி அனுப்பு." எழுதி அனுப்பினால் மற்றதைச் சேர்ந்து பேசலாம்.